கூரைக் கறையும் கருவித் தேர்வும்



பொன்னேரியில் நான் குடியிருக்கும் வீடு என் தந்தையார் 1958-ஆம் ஆண்டில் கட்டியது. மங்களூர் ஓடு வேய்ந்த கூரை. அறுபது ஆண்டுகளாக ஐப்பசி கார்த்திகை அடைமழையையும், 2016-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் அடித்த வர்தா புயலையும் தாங்கி நின்ற அந்தக் கூரையை, ஒரே முற்பகலில் நானே கெடுத்தேன். அதை முதலில் சொல்லிவிட வேண்டும். தாம் செய்த பிழையை மறைத்துவிட்டுப் பிறருக்குப் புத்தி சொல்லும் ஆசிரியரை மாணவர்கள் எளிதில் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பது என் அனுபவம்.

கூரையின் வடபுறம் சில ஆண்டுகளாகவே கறுத்து வந்தது. சிவப்பு ஓடு முதலில் பழுப்பாயிற்று, பிறகு கரும்பச்சையாயிற்று, ஆங்காங்கே வெள்ளிக்காசு ஒட்டினாற்போல் சாம்பல்நிறத் திட்டுகளும் தோன்றின. வீட்டில் ஒரு திருமணம் நிச்சயமாகியிருந்த சமயம். வண்டிகளைக் கழுவப் பயன்படும் உயரழுத்த நீர்ப்பொறி ஒன்றை, பிரஷர் வாஷர் என்று இப்போது எல்லாரும் சொல்கிறார்களே அதனை, ஒரு நாள் வாடகைக்கு எடுத்துவந்தோம். விசையை அழுத்தியதும் நீர் சீறிப் பாய்ந்தது. கறை விலகி, செங்கல் சிவப்பு பளிச்சென்று வெளிப்பட்டது. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். எனக்கும் பெருமைதான். அரைமணி நேரம் கழித்து உள்ளேயிருந்து கூக்குரல் கேட்டது. போய்ப் பார்த்தால், புத்தக அலமாரியின்மேல் நீர் ஒழுகிக்கொண்டிருக்கிறது. வடபுறத்தோடு வேலையை நிறுத்திவிட்டேன்.

காரணம் மிக எளியது. மேலிருந்து கீழே வழியும் மழைக்காகவே ஓட்டின் பள்ளமும் விளிம்பும் அமைந்திருக்கின்றன. ஒன்றன் விளிம்பு மற்றதன்மேல் படிந்திருப்பதால், வழியும் நீர் உள்ளே புகுவதில்லை. நானோ இறவாரத்தில் நின்றுகொண்டு கீழிருந்து மேலாக நீரைப் பாய்ச்சினேன். அது விளிம்புக்கு அடியில் புகுந்து ரீப்பர் சட்டத்தை நனைத்து உள்ளே இறங்கிற்று. இந்தத் தீங்கு அன்றோடு போயிற்று. மற்றொன்று பிறகுதான் தெரிந்தது. அடுத்த ஐப்பசியில் அந்த வடபுறத்து ஓடுகள் நீரை உறிஞ்சிக் கசிந்தன. ஓராண்டு கழிவதற்குள் பாசி முன்னிலும் அடர்த்தியாக ஏறிவிட்டது. 41 ஓடுகளை மாற்ற வேண்டியதாயிற்று.

ஏன் இப்படி ஆயிற்று? அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல் என்று ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த வழியிலேயே கணக்கிட்டுப் பார்ப்போம். 10 மீட்டர் உயரத்தில் ஒரு தொட்டி இருந்தால், தரையிலுள்ள குழாயில் நீரின் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோகிராம். வீட்டு உபயோகத்துக்கென விற்கும் நீர்ப்பொறிகள் 100 கிலோகிராமும் அதற்கு மேலும் தருகின்றன. அவ்வளவு அழுத்தம் வேண்டுமானால் தொட்டியை ஒரு கிலோமீட்டர் உயரத்தில் கட்ட வேண்டும். நுனித் துளையிலிருந்து நீர் புறப்படும் வேகம் கணக்குப்படி மணிக்கு 500 கிலோமீட்டர் அளவில் வருகிறது. எனாமல் பூசிய மோட்டார் தகடு இதைத் தாங்கும். சுட்ட களிமண் தாங்குமா?

மங்களூரில் பாசல் மிஷனைச் சேர்ந்தவர்கள் 1865-ஆம் ஆண்டில் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கினார்கள். அங்கிருந்து இந்தியாவின் மேற்குக் கரை முழுவதும், பிறகு நம் பக்கத்துக்கும் இந்த ஓடு பரவியது. பிசைந்த களிமண்ணை அச்சில் அழுத்தி, உலர்த்தி, சூளையில் சுடுகிறார்கள். அச்சில் அழுந்தி நெருங்கிய மேற்பரப்பு ஓட்டுக்குத் தோல் போன்றது. அந்தத் தோலைத்தான் நான் உரித்தெறிந்தேன். உரிந்த இடம் சொரசொரப்பாகி நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். பாசிக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. சிவப்பு நிறம் பளிச்சென்று தெரிந்ததே, அது தூய்மையின் நிறமன்று, காயத்தின் நிறம்.

ஆகவே, கருவி வாங்கக் கடைக்குப் போகுமுன் இரண்டு கேள்விகளுக்கு விடை காண வேண்டும். கறை எது? கூரை எது?

கறையைப் பார்ப்போம். கூரையின் கருமையைப் புகை என்றும் தூசி என்றும் நாம் நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் அது உயிருள்ள பொருள். நீலப்பச்சைப் பாசி என்ற நுண்ணுயிர் வெயிலிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளக் கரிய உறை போர்த்துக்கொள்கிறது; அதுதான் கரும்பட்டை. சாம்பல்நிறக் காசுகளைப் போன்றவை கற்பாசி இனம். காளானும் பாசியும் கூடி வாழும் விந்தைக் குடும்பம் அது. (நம் மளிகைக் கடையில் மசாலாவுக்கென விற்கும் கல்பாசியும் இந்த இனந்தான், அதற்காகக் கூரையிலிருந்து எடுத்துக் குழம்பில் போட்டுவிடாதீர்கள்.) ஆண்டில் ஏறத்தாழ எட்டு மாதங்கள் நண்பகற் சூரியன் நமக்குத் தெற்கே நிற்பதால், வடபுறச் சரிவு மெதுவாக உலர்கிறது, மரநிழலும் அப்படியே. பாசி அங்கேதான் முதலில் குடியேறும்.

ஆனால் பொன்னேரி, மீஞ்சூர், எண்ணூர் வட்டாரத்தில் வேறு வகைக் கறையும் உண்டு. அனல்மின் நிலையங்களின் சாம்பலும் நிலக்கரித் தூளும் காற்றில் வந்து படிகின்றன. இரண்டையும் பிரித்தறிய ஒரு சோதனை உண்டு. வெளுப்புத்தூள், அதாவது பிளீச்சிங் பவுடர் கரைத்த தெளிநீரில் நான்கு சொட்டை ஒரு கறையின்மேல் விட்டுக் கால்மணி நேரம் பொறுத்திருங்கள். கறை வெளிறினால் அது பாசி. வெளிறாமல் அப்படியே இருந்தால் சாம்பலோ கரியோ. சாம்பலுக்கு மருந்து வேண்டியதில்லை. வெறுந்தண்ணீரும் துடைப்பமும் போதும்.

பாசியைப் போக்கும் வேலையில் முக்கால் பங்கைச் செய்வது மருந்தும் பொழுதும். கருவியின் பங்கு கால் அளவுதான். அமெரிக்காவில் தார் கலந்த ஷிங்கிள் என்னும் ஓடுகளால் கூரை வேய்கிறார்கள். அங்கும் இதே கரும்பாசிதான் தொல்லை. அந்நாட்டுத் தார் ஓட்டு உற்பத்தியாளர் சங்கமே உயரழுத்தப் பொறியைத் தொடாதீர்கள் என்கிறது. சலவைக்குரிய குளோரின் நீரையும் சாதாரண நீரையும் சரிபாதி கலந்து தெளித்து, 15 முதல் 20 நிமிடம் ஊறவிட்டு, மெல்லிய நீரால் அலசச் சொல்கிறது. ஓடு செய்து விற்பவர்களே இவ்வாறு கூறும்போது நாம் பலத்தை நம்புவானேன்?

மருந்தைத் தெளிக்கச் சிறந்த கருவி நம் வயல்வெளியிலேயே இருக்கிறது. முதுகில் மாட்டிக்கொண்டு கையால் நெம்பி அடிக்கும் தெளிப்பான். 16 லிட்டர் கொள்ளும். அதன் அழுத்தம் இரண்டு மூன்று கிலோகிராம்தான். ஓட்டுக்கு ஒரு தீங்கும் வராது. ஆனால் பூச்சிமருந்தோ களைக்கொல்லியோ அடித்த தெளிப்பானை இரவல் வாங்காதீர்கள். எத்தனை முறை கழுவினாலும் மிச்சம் தங்கும். அது கூரையிலிருந்து உங்கள் மழைநீர்த் தொட்டிக்கு வரும். புதிதாக ஒன்று வாங்கி அதன்மேல் ‘கூரைக்கு மட்டும்’ என்று எழுதிவைக்க வேண்டும். முழுதும் பிளாஸ்டிக்காலான தெளிப்பானாகப் பாருங்கள். பித்தளை முனையைக் குளோரின் அரித்துவிடும். விசிறிபோல் விரிந்து தெளிக்கும் முனை நல்லது. வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரை ஊற்றி ஒருமுறை முழுதும் அடித்து வெளியேற்றாவிட்டால், அடுத்த ஆண்டு வாஷர் இருக்காது.

தேய்ப்பதற்குக் கம்பித் தூரிகை கூடவே கூடாது. அது ஓட்டைக் கீறும். உதிர்ந்த கம்பித் துணுக்குகள் துருப்பிடித்துப் புதுக்கறை உண்டாக்கும். தேங்காய்நார்த் தூரிகை அல்லது நைலான் மயிர்த் தூரிகை போதும். அதை நீண்ட மூங்கிற்கழியின் நுனியில் கட்டிக்கொண்டால் ஏணியில் நின்றபடியே கூரையின் பெரும்பகுதியை எட்டலாம். என் கருத்தில், ஒரு கருவி நல்லதா என்பதற்கு முதல் அளவுகோல் இதுதான்: அதைப் பிடித்திருப்பவன் கூரைமேல் கால் வைக்க வேண்டியிருக்கிறதா, இல்லையா? தடித்த பாசிமெத்தையை மட்டும் முதலில் உலர்ந்த நிலையில் மரச்சட்டத்தால் நெம்பி எடுத்துவிட வேண்டும். நாட்டு ஓடாக இருந்தால் இவ்வளவு சிரமமே இல்லை. மழைக்கு முன் ஓட்டைப் பிரித்து அடுக்கும் வழக்கம் நமக்கு இருந்ததே, அப்போது கீழே இறக்கித் தொட்டியில் ஊறவைத்துக் கழுவலாம். தட்டையான தளக்கூரைக்கும் தென்னந்துடைப்பமும் இதே மருந்தும் போதும்.

மருந்தின் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். புதிய வெளுப்புத்தூளில் நூற்றுக்கு 30 பங்கு அளவில் குளோரின் இருக்கும். 10 லிட்டர் நீரில் 300 கிராம் கரைத்தால் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று என்ற வீரியம் கிடைக்கும். அமெரிக்கர் சொல்லும் அளவைவிட இது மென்மையானது. ஆகையால் இருமுறை தெளிக்க வேண்டிவரும். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது. கரைத்ததும் அப்படியே ஊற்றக்கூடாது. சுண்ணாம்பு அடியில் படியும்வரை காத்திருந்து தெளிந்த நீரை மட்டும் வடித்தெடுக்க வேண்டும். இல்லையேல் முனை அடைத்துக்கொள்ளும், ஓட்டிலும் வெள்ளை பூக்கும். நாட்பட்ட தூளுக்கு வீரியம் இல்லை. வெயில் ஏறுமுன் காலையில் தெளிக்க வேண்டும். மருந்து உலர்ந்துவிட்டால் வேலை செய்யாது. கண்ணாடியும் ரப்பர் கையுறையும் அவசியம். காற்று நம் முதுகுப்புறமிருந்து வீச வேண்டும். கீழேயுள்ள செடிகளை முன்னும் பின்னும் நல்ல தண்ணீரால் நனைத்துவிட வேண்டும். முதல் ஆண்டு நான் இதை மறந்து ஒரு மல்லிகைப் பந்தலை இழந்தேன். அதைப் பற்றி என் இல்லாள் இன்றும் பேசுவாள்.

ஒரு பேரபாயத்தை அழுத்திச் சொல்கிறேன். கழிவறை கழுவும் ஆசிட்டை வெளுப்புத்தூளோடு ஒருகாலும் சேர்க்காதீர்கள். ஒரே வாளியில் ஒன்றன்பின் ஒன்றாகக் கலப்பதும் கூடாது. குளோரின் வாயு கிளம்பி நுரையீரலைத் தாக்கும். ஆசிட்டைத் தனியாகவும் கூரையில் ஊற்ற வேண்டாம். முகட்டு ஓட்டின் சிமெண்டுப் பூச்சை அது தின்றுவிடும்.

இனி மழைநீர். மீஞ்சூர், பொன்னேரிப் பகுதிகளில் பல பத்தாண்டுகளாக நிலத்தடி நீரை மிகுதியாக இறைத்ததால் கடல்நீர் உள்ளே ஏறிவிட்டது. என் கிணறும் கரிக்கத் தொடங்கி வெகுகாலமாயிற்று. மழைநீர் சேகரிப்பைத் தமிழக அரசு 2003-ஆம் ஆண்டில் கட்டாயமாக்கியபோது, எங்கள் வீட்டில் அது சட்டத்துக்குப் பணிந்து செய்ததன்று. குடிக்க வழி வேண்டிச் செய்தது. 50 சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 50 லிட்டர் நீர். கூரை நமக்குக் கிணறு என்றே கொள்ளலாம். ஆகையால் கூரையில் தெளிப்பது எதுவாயினும், கிணற்றில் ஊற்றுவதாகவே எண்ணித் தெளிக்க வேண்டும். வேலை தொடங்குமுன் தொட்டிக்குச் செல்லும் குழாயைக் கழற்றி வேறுபக்கம் திருப்பிவிட வேண்டும். முகட்டில் செம்புப் பட்டையோ துத்தநாகப் பட்டையோ பொருத்தினால், மழையில் கரையும் உலோகம் பாசியைத் தடுக்கும் என்று வெளிநாடுகளில் செய்கிறார்கள். அது உண்மையே, ஆனால் குடிநீர் பிடிக்கும் கூரைக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாவது கேள்வி, கூரை எது என்பது. இதுவரை ஓட்டைப் பற்றிப் பேசினேன். பொன்னேரியிலிருந்து கும்மிடிப்பூண்டி வரையில் தொழிற்கூடங்களிலும், கிடங்குகளிலும், தொழிலாளர் குடியிருப்புகளிலும் சாம்பல்நிற நெளிதகடு வேய்ந்த கூரைகள் பல உள்ளன. சிமெண்டு ஷீட் என்கிறோம். சிமெண்டோடு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ் சேர்த்துச் செய்தது. இந்தக் கூரைக்கு எந்தத் துப்புரவுக் கருவி ஏற்றது என்று கேட்டால், எதுவும் இல்லை என்பதே என் விடை.

என்னிடம் எட்டாம் வகுப்பில் படித்த ஒருவர், இப்போது நாற்பது வயதைக் கடந்தவர், ஒரு தொழிற்கூடத்தில் ஒப்பந்தக் கூலியாக இருந்தார். யாரோ பார்வையிட வருகிறார்கள், கூரை கறுத்திருப்பது அழகாயில்லை என்று அவர் கையில் ஒரு கம்பித் தூரிகையைக் கொடுத்து மேலே ஏற்றியிருக்கிறார்கள். தகட்டைத் தாங்கும் இரும்புச் சட்டம் எங்கே இருக்கிறது என்பதைத் திருகாணிகளின் வரிசை காட்டும். அதன்மேல் கால் வைத்தால் ஓரளவு தாங்கும். பாசி அந்தத் திருகாணிகளையே மூடியிருந்தது. இரண்டு சட்டங்களுக்கு இடையில் மிதித்திருக்கிறார். தகடு அப்பளம்போல் உடைந்தது. பதினைந்தடி ஆழத்தில் சிமெண்டுத் தரை. இடுப்பெலும்பு முறிந்து ஏழு மாதம் படுக்கையில் கிடந்தார். இப்போது கோலூன்றி நடக்கிறார். என்னைப் பார்க்க வந்தபோது சொன்னார்: “பாசியை எடுக்கச் சொன்னாங்க, சார். அதுக்குக் கீழே ஷீட்டு தாங்குமான்னு ஒருத்தரும் சொல்லலே.”

விழாமல் இருந்திருந்தாலும் தீங்கு வேறு வடிவில் காத்திருந்தது. தேய்க்கும்போது கல்நாரின் நுண்ணிழைகள் காற்றில் கலக்கின்றன, கண்ணுக்குத் தெரியா. மூச்சோடு உட்சென்றால் வெளியேறுவதில்லை. நுரையீரல் இறுகும் நோயும் புற்றுநோயும் இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள் கழித்தும் வரக்கூடும். எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் விளைவிப்பதே என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறியிருக்கிறது. 2003-ஆம் ஆண்டின் இறுதியிலேயே கல்நாரை முற்றிலும் தடை செய்த ஆஸ்திரேலியாவில், பழைய கல்நார்க் கூரையில் உயரழுத்த நீரைப் பாய்ச்சுவது சட்டப்படி குற்றம். நீர்ப்பொறி அடித்தால் ஓட்டுக்குத் தோல் உரியும் என்றேன். இந்தத் தகட்டுக்குத் தோல் உரிந்தால் இழை வெளிப்பட்டுத் தெருவெல்லாம் தெறிக்கும்.

எனவே தகட்டின்மேல் பாசி இருந்தால் இருக்கட்டும். அதனால் தகடு ஒழுகுவதில்லை. ஒழுகும் அளவுக்கு நைந்துவிட்டால், துப்புரவு செய்யும் பணத்தைச் சேர்த்துவைத்து உலோகத் தகடு போடுவதே முறை. பழைய தகட்டை நனைத்து, உடைக்காமல் முழுதாக இறக்க வேண்டும். உடைந்ததைக் கூட்டிப் பெருக்கக் கூடாது, ஈரத்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். அந்த வேலைக்கு ஏறுகிறவர்கள் சட்டத்துக்குச் சட்டம் நீளும் பலகையின்மேல்தான் நடக்க வேண்டும். இடுப்பில் பாதுகாப்புக் கச்சையும் கீழே வலையும் வேண்டும். இவற்றுக்குப் பணமில்லை என்று சொல்லும் முதலாளியிடம், கூரைக்கு அழகும் வேண்டாம் என்று சொல்லலாம்.

ஏணியைப் பற்றிச் சில சொற்கள். நான்கு அடி உயரத்துக்கு ஓரடி வீதம் சுவரிலிருந்து கால்களைத் தள்ளி நிறுத்த வேண்டும். மேல்நுனி இறவாரத்துக்கு மேல் மூன்றடியாவது நீண்டிருக்க வேண்டும். ஒருவர் கீழே பிடித்திருக்க வேண்டும். நம்மூர்ப் பழைய தெருக்களில் மின்கம்பி இறவாரத்தை உரசிக்கொண்டு போகிறது. அங்கே அலுமினிய ஏணி ஆகாது, காய்ந்த மூங்கில் ஏணிதான் வேண்டும். அதுவும் கம்பியைத் தொடக்கூடாது. ஓட்டின்மேல் கால் வைத்தே தீர வேண்டுமென்றால், மேல் ஓடும் கீழ் ஓடும் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில் வையுங்கள்; அதன் அடியில்தான் ரீப்பர் இருக்கிறது. சாக்குச் சுற்றிய பலகையை விரித்து அதன்மேல் நின்றால் இன்னும் நன்று. நனைந்த பாசியின்மேல் மட்டும் யாரும் ஏறக்கூடாது. பூனைகூட வழுக்கி விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

சென்ற புரட்டாசியில் எங்கள் கூரையை இந்த முறையில் கழுவினோம். தெளிப்பான் ஒன்று, நார்த்தூரிகை கட்டிய கழி ஒன்று, மூங்கில் ஏணி, ஒரு கிலோ வெளுப்புத்தூள். இரண்டு காலைப்பொழுது ஆயிற்று. முதல்நாள் மாலையில் பார்த்தபோது ஒன்றும் ஆகாததுபோல் தெரிந்து சலிப்பாக இருந்தது. மறுநாள் தெளித்து அலசியபின் பாசி வெளிறிற்று. மிச்சமிருந்த கற்பாசிக் காசுகளை ஐப்பசியின் முதல் மழையே உதிர்த்துவிட்டது. மூன்று மழை கழிந்து, தூம்பில் வந்த நீரை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பார்த்து, நெடி இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்ட பிறகே குழாயைத் தொட்டியில் மீண்டும் பொருத்தினேன்.

சமையலறைக்கு மேலே புகைபோக்கியைச் சுற்றியுள்ள கறை மட்டும் எதற்கும் அசையவில்லை. சொட்டு விட்டுச் சோதித்தேன்; வெளிறவில்லை. அது என் தாயார் விறகெரித்த காலத்துப் புகை. ஓட்டுக்கு அதனால் கெடுதல் ஏதுமில்லை. அப்படியே இருக்கட்டும் என்று ஏணியை எடுத்துவைத்துவிட்டேன்.